ஆள் படம் வரையறது பத்தி கேட்டீங்க, சொல்றேன்

கேள்வி (ரங்கூன் தாம்வே): அண்ணா, பாட்டி கன்னத்துல தனாக்கா பூசியிருக்காங்க, வெள்ளை அடிச்சா மாவு அப்பின மாதிரி வருது.

வெறும் வெள்ளை வேண்டாம்மா. தனாக்கா, கல்லுல தண்ணி விட்டு அரைச்ச மரப்பட்டை, காஞ்சா லேசா மஞ்சளா மங்கலா நிக்கும், பளபளப்பே இருக்காது. முதல்ல பாட்டியோட தோலை முழுசா வரைஞ்சு நல்லா காய விடு, அப்புறம் வெள்ளையில கொஞ்சம் யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள் கலர்), துளி தோல் கலர் சேர்த்து, பிரஷ்ஷைத் துணியில துடைச்சுட்டு மேலாக்க இழு. சுருக்கம் விழுற இடத்துல பூச்சு வெடிச்சு தோல் தெரியும், அங்க பெயிண்ட் போகாம பாத்துக்கோ. நிழல் பக்கத்துக் கன்னத்துல அதே தனாக்கா சாம்பல் கலந்த மாதிரி தெரியும், வெளிச்சப் பக்கத்துக் கலரை அங்க போட்டுடாத.

கேள்வி (பெகு): செல்ஃபி பாத்து வரைஞ்சேன், மூக்கு பெருசா வருது.

கிட்ட வச்சு எடுத்தா மூக்கு பெருசு, காது சிறுசாத்தான் விழும். அஞ்சாறு அடி தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுங்க. செல்ஃபியை வச்சு முகம் வரையாதீங்க.

கேள்வி (மோல்மீன்): சாமி சிலைக்கு அனாட்டமியே (உடம்பு அமைப்பே) தப்பு. மனுசன் உயரம் அவன் தலையைப் போல 7.5 மடங்கு, சிற்பி பத்து தாளம் வைக்கிறார்.
இன்னொருத்தர் (ரங்கூன்): சாமி மனுசன் அளவுல இருக்காது, அப்படிப் பேசாதீங்க!

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. தாளம்னா முழுத்தலை இல்ல, நெத்தி முடி ஓரத்துல இருந்து தாடை வரைக்கும் உள்ள முகத்தை ஒட்டின ஒரு அளவு. உத்தம தச தாளம், அதாவது பத்து தாளக் கணக்குல பெரிய அளவு, மொத்தம் 124 அங்குலம் (இது இஞ்ச் இல்ல, சிலையோட உயரத்தைப் பிரிச்சு எடுக்குற சின்னக் கூறு), அதுல முகம் 13 சொச்சம், அதுக்கு மேல உச்சிக்கு 4, சேர்த்தா முழுத்தலை 17 சொச்சம். 124ஐ அதால வகுத்துப் பாருங்க, 7 சொச்சம்தான் வரும், மனுசனுக்கு ரொம்பக் கிட்ட! தொடை 27, முழங்கால் 4, கீழ்க்கால் 27, பாதம் 4ன்னு கணக்கு இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு செதுக்குறது இல்லைங்க. சிற்பி விலகிப் போறது வேற இடத்துல, தசை, நரம்பு எல்லாத்தையும் விட்டுட்டு மூச்சு நிறைஞ்ச மாதிரி வழுவழுன்னு உடம்பைக் காட்டுவார்.

கேள்வி (அதே மோல்மீன்): அப்போ முழங்கால் வரைக்கும் கை?

அது ஆஜானுபாகு, மகாபுருச லட்சணம், தெரிஞ்சேதான் வைக்கிறாங்க. அனோரட்டா ரோட்டு காளியம்மன் கோவிலுக்குப் போறவங்க ஒரு சிலை முன்னாடி நின்னு, பென்சிலை நீட்டி முகத்தை அளந்துட்டு, அதே அளவை கீழே கீழே வச்சுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.

கேள்வி: கண் எங்க வரும்?

தலையோட சரிபாதியில. எல்லாரும் மேல வச்சுடுறாங்க.

கேள்வி: ஒரு வயசுக் குழந்தைக்கும் 7.5 தலையா?

இல்ல, சுமார் 4.

கேள்வி: மழைக்காலத்துல கேன்வாஸ்ல பூஞ்சை.

ஈரச் சுவரை ஒட்டி மாட்டாதீங்க. மிச்சத்தை ஃப்ரேம் கடைக்காரரைக் கேளுங்க, அது அவங்க வேலை.

கேள்வி: செல்ஃபில ஏன் முகம்...

மேல சொல்லியாச்சுங்க, தயவு செஞ்சு படிச்சுட்டுக் கேளுங்க. வீட்டுல யாரையாவது ஜன்னல் பக்கம் உக்கார வச்சு நேர்ல பாத்து வரைங்க.