கழுவாத ஃபிலிம் ரோலோட பிளைட் ஏறலாமா?

ஒருத்தர் கேட்டிருக்கார்: கையில 12 ரோல் ஃபிலிம் இருக்கு, பாதி எடுத்து முடிச்சது, பாதி புதுசு, நடுவுல ரெண்டு இடத்துல பிளைட் மாறணும், ஈய உறைக்குள்ள போட்டு செக்-இன் சூட்கேஸ்ல வச்சிடலாமா?

வேண்டவே வேண்டாங்க. செக்-இன் பெட்டிக்கு போடுற எக்ஸ்ரே, கைப்பைக்கு போடுறத விட ரொம்ப பவர்ஃபுல். ஈய உறை இருந்தா திரையில கறுப்பா ஒரு கட்டி மாதிரி தெரியும், என்னடா இதுன்னு வெளிய எடுத்து திரும்ப ஸ்கேன் பண்ணுவாங்க. நீங்க பக்கத்துல இருக்கவும் மாட்டீங்க, தடுக்க முடியாது. அதனால எல்லா ரோலும் கைப்பையிலதான்.

கைப்பைக்கும் இப்போ ரெண்டு வகை மெஷின் இருக்கு, விஷயமே இங்கதான். பழைய எக்ஸ்ரேல ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்துக்கு எவ்வளவு சென்சிடிவ்னு சொல்ற எண், கூடக்கூட கதிரும் சீக்கிரம் பாதிக்கும்) 800க்கு கீழ உள்ள ஃபிலிம் ரெண்டு மூணு தடவை போய் வந்தாலும் பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா ஒவ்வொரு தடவையும் படுற கதிர் சேர்ந்துக்கிட்டே போகும், நீங்க வேற ரெண்டு இடத்துல மாறப் போறீங்க. புதுசா வர்ற சிடி ஸ்கேனர் அப்படி இல்ல, ஆஸ்பத்திரி சிடி ஸ்கேன் மாதிரியே பையை சுத்திச் சுத்திப் படம் எடுக்குது, ஐஎஸ்ஓ 100, 200 ஃபிலிமையும் அதுல விடாதீங்க, கோடாக்கே இதைத்தான் சொல்லுது. எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, மெஷின் பெருசா குண்டா இருக்கும், லேப்டாப்பை வெளிய எடுக்க வேணாம்னு சொன்னாங்கன்னா அனேகமா அது சிடிதான்.

கெட்டுப்போனா எப்படி இருக்கும்? கறுப்பா இருக்க வேண்டிய நிழல் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வரும், கிரெய்ன் (படத்துல தெரியுற பொடிப்பொடி புள்ளி) ஏறிடும், கலர் ஒரு பக்கமா சாயும். செக்-இன்ல போனதா இருந்தா சில நேரம் ரோல் நெடுக அலை அலையா ஒரு பட்டை ஓடும். எடுத்து முடிச்ச ரோலுக்கும் இதே கதிதான், கழுவுற வரைக்கும் ஆபத்து இருக்கு. இன்ஸ்டன்ட் ஃபிலிமுக்கும் அப்படியே. கழுவின நெகட்டிவ், மெமரி கார்டு பத்தி கவலையே வேணாம்.

அப்போ வழி? கையால செக் பண்ணச் சொல்லி கேக்குறதுதான். அட்டைப்பெட்டி எல்லாத்தையும் வீட்டிலேயே தூக்கிப் போட்டுட்டு ரோல்களை ஒரு ஜிப் கவர்ல போட்டு வச்சிக்கங்க, உள்ள என்ன இருக்குன்னு பாத்ததும் தெரியணும். பை பெல்ட்ல ஏறுறதுக்கு முன்னாடியே கவரைக் கையில எடுத்து சிரிச்ச முகத்தோட கேளுங்க, அதிகாரி துணித்துண்டால துடைச்சு வெடிமருந்து டெஸ்ட் பண்ணிட்டு குடுத்துடுவார். ஐஎஸ்ஓ 3200 ரோல் ஒண்ணு இருந்தா மேல தெரியுற மாதிரி வைங்க, பேச்சு சீக்கிரம் முடியும் (இது கொஞ்சம் கள்ளத்தனம்தான், ஆனா வேலை செய்யுது). 400 ஃபிலிமை 1600ல புஷ் பண்ணப் போறீங்கன்னா (1600 ஃபிலிம் மாதிரி எடுத்துட்டு, கூட நேரம் கழுவி ஈடுகட்டுறது) அதையும் 1600ன்னே நினைச்சுக்கங்க. அமெரிக்காவுல டிஎஸ்ஏ (ஏர்போர்ட் செக்கிங்கைப் பாத்துக்குற அரசு அமைப்பு) விதிப்படியே கையால செக் பண்ணக் கேக்கலாம். வேற பல இடத்துல அது அந்த நேரத்து அதிகாரி மனசு. கியூ நீளமா இருந்தா பொறுமை இருக்காது, அதனால ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க.

மறுத்துட்டா சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. பழைய மெஷின் ஓடுற லைன் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. திரும்பி வரும்போது சிடிதான்னு முன்னாடியே தெரிஞ்சா, எடுத்த ரோலை அங்கேயே ஒரு லேப்ல கழுவிட்டு நெகட்டிவா கொண்டு வந்துடுங்க, எனக்கு இதுதான் நிம்மதி.

அப்புறம் கேமராவுல பாதி ஓடின ரோலோட போகாதீங்க, பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னா வெளிச்சம் பட்டே போயிடும்.