கட்டப்பட்டது யாருடைய கை?

சட்டம் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கும் என் அண்ணன் சமூக வலைத்தளம் ஒன்றில் எழுதிய பதிவை அந்நிறுவனம் நீக்கிவிட்டது. அமெரிக்க அரசியலமைப்பே பேச்சுரிமை தந்திருக்கும்போது இது சட்டமீறல் என்கிறார். சரியா?
– கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: சரியில்லை, ஆனால் அமெரிக்கர்களே அடிக்கடி செய்யும் தவறுதான். அவர் நம்பியிருப்பது 1791-இல் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம். அது 'மக்களுக்குப் பேச்சுரிமை உண்டு' என்று தொடங்கவில்லை. பேச்சுரிமையையோ பத்திரிகைச் சுதந்திரத்தையோ குறைக்கும் எந்தச் சட்டத்தையும் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்கிறது. (அங்கே காங்கிரஸ் என்பது கட்சியன்று, நாடாளுமன்றம்.) 1868-இல் வந்த பதினான்காம் திருத்தத்தைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் தீர்ப்புகள் இந்தத் தடையை மாநில அரசுகள் மீதும் விரித்தன. ஆக, கட்டப்பட்டது அரசின் கை. தனியார் நிறுவனத்தின் கை அன்று.

வடசேரிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைச் சுவரில் நீங்கள் போஸ்டர் ஒட்டுகிறீர்கள், கடைக்காரர் கிழித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவர் அவருடையது, அமெரிக்கச் சட்டப்படி உங்கள் பேச்சுரிமை அங்கே மீறப்படவில்லை. ஆனால் ஓர் அதிகாரி வந்து, 'இது அரசைத் திட்டுகிறது, கிழிக்காவிட்டால் உன் உரிமம் போகும்' என்று கடைக்காரரை மிரட்டியிருந்தால் கதையே வேறு. அப்படித் தனியாரை மிரட்டி, அவர்கள் வழியாகப் பேச்சை ஒடுக்குவது முதல் திருத்தத்துக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-இல் ஒருமனதாகக் கூறியது. அதே ஆண்டில் புளோரிடா, டெக்சாஸ் மாநிலச் சட்டங்கள் பற்றிய வழக்கில், எதைக் காட்டுவது எதைத் தள்ளுவது என்று ஒரு தளம் தேர்ந்தெடுப்பதும் ஒருவகைப் பேச்சே என்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள். முதல் திருத்தம் உங்கள் அண்ணனைவிட அந்நிறுவனத்துக்கே அதிகம் கைகொடுக்கிறது என்பதுதான் வேடிக்கை.

இதோடு அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டுத் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230-ஆம் பிரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறர் எழுதியதற்காகத் தளத்தை அதன் வெளியீட்டாளராகக் கருதக் கூடாது என்ற அதன் மையப் பகுதி ஆங்கிலத்தில் 26 சொற்கள்தான். இது பிறந்த காரணம் சுவையானது. பயனர்களின் பதிவுகளைத் திருத்தாமலும் தணிக்கை செய்யாமலும் விட்ட கம்ப்யூசெர்வ் நிறுவனம் 1991-இல் அவதூறு வழக்கிலிருந்து தப்பியது; ஆபாசத்தையும் வசவையும் நீக்கிவந்த பிராடிஜி நிறுவனம் 1995-இல், 'நீக்கத் தெரிந்த நீ வெளியீட்டாளரே' என்ற தீர்ப்பில் மாட்டிக்கொண்டது. குப்பையைப் பெருக்கியவனுக்குத் தண்டனை, பெருக்காதவனுக்கு விடுதலை என்ற இந்தக் கோணலை நிமிர்த்தவே அப்பிரிவு வந்தது. அதே சட்டத்தில் இணையத்தில் 'அநாகரிகமான' உள்ளடக்கத்தைக் குற்றமாக்கிய பகுதிகளை உச்ச நீதிமன்றம் 1997-இல் செல்லாதவை என்றது. 230-ஆம் பிரிவோ நிலைத்தது.

நம்முடைய தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 79-ஆம் பிரிவும் இத்தகைய பாதுகாப்பைத் தருகிறது, ஆனால் நிபந்தனையோடு. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்த பிறகும் நீக்காத தளம் அந்தப் பாதுகாப்பை இழக்கும் என்று 2015-இல், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்த அதே தீர்ப்பில், நம் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில் நடந்த வில்லுப்பாட்டை நானே படம்பிடித்து, காணொளித் தளம் ஒன்றில் ஏற்றினேன். யாரோ காப்புரிமைப் புகார் கொடுத்து நீக்கிவிட்டார்கள். மார்த்தாண்டத்தில் இருக்கும் என்னை அமெரிக்கச் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்தும்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கட்டுப்படுவது தளம், அதன் விளைவு உங்களுக்கு. 1998-ஆம் ஆண்டின் அமெரிக்க டிஜிட்டல் காப்புரிமைச் சட்டப்படி, முறையான புகார் வந்ததும் உடனே நீக்கும் தளத்துக்கு இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை. எனவே தளம் முதலில் நீக்கும், பிறகுதான் யோசிக்கும். உங்களுக்குள்ள வழி எதிர் அறிவிப்பு. அதை அனுப்பினால், புகார்தாரர் வழக்குத் தொடுக்காத நிலையில், 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் தளம் காணொளியை மீட்டுத் தர வேண்டும். கையெழுத்திடுமுன் ஒன்றைக் கவனியுங்கள்: பொய்யுரைத்தால் தண்டனைக்கு உள்ளாவேன் என்ற உறுதிமொழியோடு, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்கிறேன் என்ற ஒப்புதலும் அதில் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்துவதுபோல் தோன்றும் செயலுக்கு இவ்வளவு பின்விளைவு இருப்பதைப் பலர் படிப்பதே இல்லை.

பல தலைமுறையாகப் பாடப்படும் கதைப்பாட்டு வரிகளுக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது. ஆனால் அன்று பாடிய புலவருக்கும், குடமும் உடுக்கையும் வாசித்தவர்களுக்கும் நம் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி நிகழ்த்துநர் உரிமை உண்டு. அவர்கள் இசைவைப் பெற்றீர்களா? இடையில் திரைப்பாட்டு மெட்டு எதையேனும் கலந்து பாடினார்களா என்பதையும் கேட்டுப் பாருங்கள். கொடை மேடைகளில் அது நடப்பதுதானே. இரண்டுக்கும் உறுதியான விடை கிடைத்த பின் எதிர் அறிவிப்பு அனுப்புங்கள்.

கேள்வி: நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்தது போல அமெரிக்காவில் நடக்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குழித்துறை

பதில்: அவ்வளவு எளிதில் நடக்காது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைத்தது நாடாளுமன்றத்தின் சட்டம். நம் அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்படும் மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும். சம்மதம் தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மையே போதும். அமெரிக்காவிலோ ஒரு மாநிலத்தின் நிலத்தைப் பிரித்துப் புதிய மாநிலம் அமைக்க, காங்கிரசோடு அந்த மாநிலச் சட்டமன்றமும் சம்மதிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் நான்காம் பிரிவு விதிக்கிறது. அந்த விதியை மாற்றலாமே என்றால், இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவும், அதன்பின் 50 மாநிலங்களில் 38-இன் ஒப்புதலும் வேண்டும். 1789-இல் முன்மொழியப்பட்ட ஒரு திருத்தம் 1992-இல்தான் நிறைவேறி, 27-ஆவது திருத்தமாகச் சேர்ந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அங்கே இன்னொரு திருத்தம் சேரவில்லை.