ஒருசந்தி இருந்தால் மிச்சமானது எங்கே போகிறது?
ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் பற்றி வாசகர்கள் கேட்டவையும் நம் பதில்களும்

? ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டும் ஒன்றா? எந்தெந்த நாளில், எந்த வயதுவரை? மீன் சாப்பிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

இரண்டும் வேறு. ஒருசந்தி என்பது அளவைக் குறைப்பது: ஒரு முழுச் சாப்பாடு, காலையிலும் இரவிலும் சிறிதளவு உணவு. சுத்தபோசனம் என்பது இறைச்சியை விடுவது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்புப்படி தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும், இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளியும்தான் ஒருசந்தி நாட்கள்; அன்று இறைச்சியும் கிடையாது. மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் மட்டும். அதற்குப் பதிலாக வேறு தவமுயற்சி செய்ய ஆயர்கள் (பிஷப்புகள்) அனுமதிக்கலாம் என்பதால் உங்கள் மறைமாவட்டத்தில் என்ன வழக்கம் என்று பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும்வரை. அதற்கு மேல் விருப்பம்தான், கடமை இல்லை.

காலையில் இரண்டு இட்லி, மதியம் சாப்பாடு, இரவு ஒரு டம்ளர் கஞ்சி என்றால் ஒருசந்தி சரியாக இருக்கிறது. காலை ஆறு இட்லி, இரவு நாலு தோசை, நடுவில் ஃபுல் மீல்ஸ் என்றால் அது சாதாரண நாள். தண்ணீர், மருந்து இரண்டுக்கும் தடை இல்லை.

முட்டை, பால், தயிர், நெய், மீன் எதுவும் சுத்தபோசனத்தை முறிக்காது. ஆனால் ஆட்டுக்கறிக்குப் பதில் வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்கும் என்று வெள்ளிக்கிழமை இலை நிறைந்தால் சட்டம் தப்பிக்கும், நோக்கம் தப்பிக்காது. சாளைக் குழம்பு போதும்.

? ஞாயிற்றுக்கிழமையும் விரதம் இருக்க வேண்டுமா? 40 நாள் என்கிறார்கள், எண்ணினால் 46 வருகிறதே!
– வாசகி, கும்பகோணம்

சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46. அதில் ஆறு ஞாயிறு. ஞாயிறு உயிர்ப்பின் நாள்; அன்று விரதம் இல்லை. கழித்தால் 40. ஆண்டுதோறும் தேதி மாறுவதற்கு நிலா காரணம்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால் மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16.

? அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரைக்கு மாத்திரையும் இன்சுலினும் போகிறது. "பெரிய வெள்ளி அன்று பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படாது" என்று பிடிவாதமாக இருக்கிறார். எப்படித் தடுப்பது?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

முதலில் அவர் மனத்தில் இருக்கும் பயத்தை எடுங்கள்: சாப்பிட்டால் பாவம் என்று நினைக்கிறார். பாவம் இல்லை. 59 நிறைந்தவருக்கு இந்தக் கடமையே கிடையாது, நோயாளிகளுக்கும் கிடையாது. இதை நீங்கள் சொல்வதைவிடப் பங்குத்தந்தை சொன்னால் கேட்பார். சாம்பல் புதனுக்கு முந்தின வாரமே அவரை வீட்டுக்கு அழையுங்கள்.

உடம்பில் என்ன நடக்கும் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் வயிறு காலியாக இருந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அளவு 70க்குக் கீழே போனால் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு. இன்னும் இறங்கினால் பேச்சுத் தடுமாறும், மயக்கம் வரும். பெரிய வெள்ளி வழிபாடு பிற்பகல் மூன்று மணி வாக்கில், ஏப்ரல் வெயிலில், கூட்டத்தில். காலையிலிருந்து சாப்பிடாதவர் அங்கே விழுந்தால் "பக்தியில் மயங்கிவிட்டார்" என்று விசிறிக்கொண்டிருப்பார்கள். நேரம் போய்விடும்.

பையில் குளுக்கோஸ் பொடியும் தண்ணீரும் இருக்கட்டும். நினைவு இருந்தால் மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். உடனே 108. மருந்தின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள், அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மா ஏதாவது ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் இரவு எட்டு மணி சீரியலை விடச் சொல்லுங்கள். அந்த அரைமணி நேரம் தனியாக இருக்கும் பக்கத்துத் தெருப் பாட்டியிடம் போய் உட்காரட்டும். அது பட்டினியைவிடக் கடினம்தான், செய்து பார்த்தால் தெரியும்.

? தவக்கால உண்டியலில் வருஷா வருஷம் ஐந்நூறு ரூபாய் போட்டுவிடுகிறேன். அது போதுமா?
– வாசகர், ஆவடி

தொகையில் குறை இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. தவக்காலத்தின் கடைசி ஞாயிறான குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் சம்பளத்திலிருந்து எடுத்துப் போட்டால் அது காணிக்கை. ஆனால் நோன்பின் மிச்சம் ஆகாது. விட்ட உணவின் விலையைக் கணக்குப் பார்த்துக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ கொடு என்று 2ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்திலேயே இருக்கிறது. நோன்பும் தர்மமும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

செய்யும் முறை எளிது. எதை விடுகிறீர்கள் என்று முதல் நாளே வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். விட்ட அன்றே அந்தப் பணத்தை உண்டியலில் போடுங்கள். வெளியில் குடிக்கும் டீ 15 ரூபாய் என்று வையுங்கள். நாளைக்கு இரண்டை விட்டால் 40 நாளில் 1,200 ரூபாய். உங்கள் ஐந்நூறு எங்கே நிற்கிறது பாருங்கள்! வாரக் கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று தள்ளினால் அந்தக் காசு பெட்ரோலில் கரைந்துவிடும்.

வழக்கமாகத் தவறும் இடம் மூன்று. கறியை விட்டு மிச்சம் பிடித்த பணம் ஈஸ்டர் பிரியாணிக்கே திரும்பிவிடுவது. அப்பா ஒருவர் நோன்பிருக்க, அவருக்குத் தனிச் சமையல், பிள்ளைகளுக்குத் தனிச் சமையல் என்று அம்மா இரண்டு அடுப்பில் நிற்பது. இதில் தவம் செய்வது யார்? மூன்றாவது, அதிகம் பேசப்படாதது: வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டு உண்டியல் போடுவது. நோன்பு நாளில் உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்று எசாயா 58 நேராகவே கேட்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. பாக்கியைக் கொடுப்பது தர்மம் ஆகாது, கடன். முதலில் அதை முடியுங்கள், பிறகு உண்டியல்.

பணத்தைப் பங்கில் கொடுத்தால் வின்சென்ட் தே பவுல் சபை போன்றவர்கள் வழியாக ஏழை வீடுகளுக்குப் போகும். நீங்களே கொடுப்பதென்றால் அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரை நினையுங்கள். நோயாளிக்கு வார்டில் சாப்பாடு வந்துவிடும், பாயில் படுத்திருக்கும் துணைக்கு வராது. கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள்.

? எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) வெள்ளிதோறும் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் கஞ்சி கொடுக்கிறோம். ஒரு வாரம் அடிப்பிடித்தது, ஒரு வாரம் புளித்தது. நூறு பேருக்குச் சரியான அளவு சொல்லுங்கள்.
– அன்பியப் பொறுப்பாளர், சிவகங்கை

ஆளுக்கு 350 மில்லி என்று கணக்கு. பச்சரிசி (குறுணை ஆனாலும் நல்லது) மூன்றரை கிலோ, பயத்தம்பருப்பு ஒரு கிலோ, வெந்தயம் 100 கிராம், உரித்த பூண்டு அரைக் கிலோ, சீரகம் 50 கிராம், தேங்காய் எட்டு, தண்ணீர் 30 லிட்டர், கல்லுப்பு 200 கிராமில் தொடங்கி ருசி பார்த்து. அண்டா 50 லிட்டராவது இருக்க வேண்டும். சிறியதில் பொங்கி வழியும்.

பருப்பை வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். அரிசியையும் வெந்தயத்தையும் அரைமணி ஊறவையுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே அரிசியைப் போட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் அரிசியைப் போட்டு அடுப்பை மூட்டினால் அது அடியில் படிந்துவிடும். உங்களுக்கு அடிப்பிடித்தது பெரும்பாலும் இதனால்தான். முதல் பத்து நிமிடம் நீளக் கரண்டியால் அடிவரை விட்டுக் கிளறிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். பிறகு பருப்பு, பூண்டு, சீரகம். தணலைக் குறைத்து முக்கால் மணி. அடிப்பிடித்துவிட்டால் கிண்டாதீர்கள்; மேலே இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், சுரண்டினால் முழுதும் தீய்ந்த வாடை.

புளித்ததற்குக் காரணம் தேங்காய்ப்பால். ஐந்து மணிக்கே ஊற்றிவிட்டு ஏழரைக்குப் பரிமாறினால் பங்குனி வெக்கையில் அது தாங்காது. சிலுவைப்பாதையில் பன்னிரண்டாம் நிலை வரும்போது பால் பிழிய ஆரம்பித்தால் சரியாக இருக்கும். அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரியும். கஞ்சி நேரமாக ஆக இறுகும் என்பதால் ஐந்து லிட்டர் வெந்நீரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள ஒரு துவையல் போதும். வடை, அப்பளம், ஊறுகாய் என்று அடுத்த வாரம் போட்டி தொடங்கிவிட்டால் அது விருந்தாகிவிடும்.

வர முடியாத முதியவர்களுக்கு முதலில் தூக்குவாளியில் அனுப்பிவிட்டுப் பிறகு வரிசையைத் தொடங்குங்கள். கடைசியில் அனுப்பலாம் என்றால் கடைசியில் இருக்காது.

? சாம்பல் புதனுக்கு நாங்களே சாம்பல் தயாரிக்கப் போகிறோம். போன வருஷம் சிலருக்கு நெற்றி எரிந்தது. ஏன்?
– இளைஞர் குழு, நாகப்பட்டினம்

தண்ணீரில் குழைத்திருப்பீர்கள். தாவரச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் உண்டு. தண்ணீர் சேர்ந்ததும் அது காரக் கரைசல். அந்தக் காலத்தில் சாம்பலால் துணி வெளுத்தது இதனால்தான். நெற்றியில் அப்பினால் தோல் புண்ணாகும். தீர்த்தம் தெளிப்பது சில துளிகளோடு நிற்கட்டும். குழைக்க வேண்டுமென்றால் சில சொட்டு தேங்காய் எண்ணெய். இல்லையென்றால் உலர்ந்த சாம்பலையே உச்சியில் தூவலாம், அதுவும் முறைதான்.

போன வருஷக் குருத்தோலைகளை மூன்று வாரம் முன்பே வீடுகளிலிருந்து வாங்குங்கள். ரிப்பன், நூல், பிளாஸ்டிக் பூ எல்லாவற்றையும் பிய்த்துவிடுங்கள். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து இரும்புச் சட்டியில் எரியுங்கள். வெண்சாம்பல் ஆகும்வரை விட்டால் நெற்றியில் தெரியாது. தீ அடங்கும்போது மூடி போட்டால் கரி கலந்து கருமையாக நிற்கும். ஓரிரவு ஆறவிட்டு, அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். ஒரு சாக்கு ஓலைக்குச் சில கைப்பிடிதான் தேறும், பயப்பட வேண்டாம். ஒரு நெற்றிக்குச் சிட்டிகை போதும்.

? நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). எங்களுக்கு இப்படிச் சட்டம் எதுவும் இல்லையே. லெந்து (தவக்கால) நாட்களை எப்படி அனுசரிப்பது?
– வாசகர், பாளையங்கோட்டை

சட்டம் இல்லாததால் அவரவர் தீர்மானம். அதிலேயே ஒரு சிக்கல்: பெரிதாகத் தீர்மானித்து இரண்டாம் வாரமே விட்டுவிடுவது. ஒன்றை விடுங்கள், ஒன்றைச் சேருங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் தியானிக்கும், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை, வாரத்துக்கு ஒன்றாக முன்கூட்டியே வீட்டு ஜெபத்தில் எடுத்துக்கொள்ளலாம். "அதோ, உன் தாய்" என்ற வாரத்தில் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்யாமல் ஜெபத்தை முடிக்காதீர்கள்.

? அண்ணனோடு ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. வேலிக்கல் தகராறு, கோர்ட்டில் இருக்கிறது. ஈஸ்டருக்குள் சமாதானம் ஆகிவிட நினைக்கிறேன். அவர் வாசலில் நின்றால் என்ன பேசுவது?
– பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்

பெரிய வெள்ளி ராத்திரி, கோயிலிலிருந்து நேரே, நாலு பேரோடு போகாதீர்கள். அண்ணனுக்கு அது பஞ்சாயத்தாகத் தெரியும். தவக்காலம் பாதி தாண்டியதும் ஒரு சாதாரண நாள், தனியாக. மத்தேயு 18:15 முதலில் தனியாகப் போகத்தான் சொல்கிறது. தனியாகப் போனால் கைகலப்பு வரும் என்றால் இருவரும் மதிக்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ போதும்.

நிலத்தைப் பற்றி அன்று ஒரு சொல்லும் வேண்டாம். வழக்கு வழக்காக நடக்கட்டும். எல்லைக் கல் எங்கே என்று நில அளவையர் சொல்லட்டும். நீங்கள் பேச வேண்டியது உங்கள் பக்கத்துப் பிழை மட்டும்: "அண்ணே, அன்னைக்குப் பிள்ளைங்க முன்னாடி உங்கள அப்படிப் பேசிருக்கக் கூடாது. தப்பு எம்மேல." இதோடு நிறுத்துங்கள். "ஆனா நீங்களும்..." என்று அடுத்த வாக்கியம் வாயில் வரும். விழுங்குங்கள்.

கதவை அடைத்தால் திரும்பி வந்துவிடுங்கள். உங்களால் ஆனமட்டும் என்றுதான் உரோமையர் 12:18 சொல்கிறது. ஈஸ்டர் அன்று பலகாரத் தட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புங்கள். தட்டு திரும்பி வராவிட்டாலும் அடுத்த வருஷமும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள்.

இதே கேள்வியை அடிக்கும் கணவரைப் பற்றி எழுதியிருந்த சகோதரிக்கு: உங்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. மன்னிப்பது வேறு, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது வேறு. பெண்கள் உதவி எண் 181.

? தவக்காலத்தில் திருமணம் வைக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பெரிய வெள்ளியும் பெரிய சனியும் கூடாது. மற்ற நாட்களில் திருச்சபைச் சட்டம் முழுத்தடை போடவில்லை, ஆனால் ஆடம்பரம் தவிர்க்க வேண்டும். நம் ஊர் வழக்கம் ஒத்திவைப்பதுதான். அதுவே நல்லது.

? பாஸ்கா திருவிழிப்புக்கு (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு) முதல்முறையாகப் பிள்ளைகளோடு போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, மன்னார்

இருட்டிய பிறகுதான் தொடங்கும்; ஒன்பது வாசகங்கள் வரை உண்டு, பழைய ஏற்பாட்டில் சிலவற்றைக் குறைக்கலாம் என்றாலும் செங்கடல் கடந்த வாசகத்தை விடவே கூடாது. திருமுழுக்கும் இருந்தால் நள்ளிரவு தாண்டும். பிள்ளைகளை மாலையில் தூங்கவைத்து அழைத்துப் போங்கள். நற்கருணைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாடு முடிந்திருக்க வேண்டும்.

மெழுகுதிரிக்கு ஒரு காகிதக் கப்பின் அடியில் ஓட்டை போட்டுச் செருகிக்கொள்ளுங்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் பற்றவைக்கும்போது எரிகிற திரி நேராக நிற்க வேண்டும். எரியாத திரியைத்தான் சாய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் உருகிய மெழுகு குழந்தை கையில். பெண்பிள்ளைகளுக்குக் கூந்தலைப் பின்னிவிடுங்கள், முன்வரிசைக்காரரின் முந்தானையைக் கவனியுங்கள். திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிக்கும்போது திரி மறுபடி எரியும். அதனால் முதல் சுற்றிலேயே தீர்ந்துபோகிற சின்னத் திரியை வாங்காதீர்கள்.

மீதித் திரியை எறிந்துவிடாதீர்கள். உயிர்ப்புக் காலம் ஒரு நாளல்ல, பெந்தகோஸ்து வரை 50 நாள். ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு அதை ஏற்றிவைத்து, தவக்காலத்தில் கஞ்சி கொண்டுபோன வீட்டில் அந்த வாரம் யார் எப்படி இருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.