கொடுவா கருகுவதற்கு மசாலா காரணம் இல்லை

கேள்வி: ஒன்றரை அங்குலத் தடிமனில் கொடுவாத் துண்டு வாங்கினேன். வறுத்தால் மேலே கருகிவிடுகிறது, நடுவில் கண்ணாடி மாதிரி பச்சையாக நிற்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் சக்கையாகிறது. சின்னத் துண்டாக நறுக்காமல் சமைக்க வழி உண்டா? (மறைமலை நகர் வாசகி)

பதில்: உண்டு. மசாலாவை மாற்ற வேண்டாம், தீயை மாற்றுங்கள். சங்கராவும் நெத்திலியும் வறுக்கிற தீயில் கொடுவாவைப் போட்டிருக்கிறீர்கள். துண்டின் தடிமன் இரண்டு மடங்கானால், நடுவுக்குச் சூடு போய்ச் சேர ஏறத்தாழ நான்கு மடங்கு நேரமாகும். அதுவரை மிளகாய்த்தூள் காத்திருக்குமா?

முதலில் உப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி தூள் உப்பைக் கரைத்து, துண்டுகளை இருபது நிமிடம் போட்டு எடுங்கள். உப்பு உள்ளே கொஞ்சம் இறங்கும். வேகும்போது சாறு அவ்வளவாக வெளியேறாது, மேலே வெள்ளை வெள்ளையாகத் திரளுவதும் குறையும். அப்புறம் பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு மசாலா தடவுங்கள். எலுமிச்சைச் சாற்றில் மணிக்கணக்கில் ஊறவைப்பதை விட்டுவிடுங்கள். புளிப்பு ஏறினால் மேல்சதை சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும்.

இதில் ஒரே ஒரு விலக்கு. உறைந்த பாக்கெட் மீன் என்றால் உப்புத் தண்ணீர் வேண்டாம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உப்பு என்றோ பாஸ்பேட் என்றோ போட்டிருந்தால் அது ஏற்கெனவே ஊறிய மீன். இன்னொரு தடவை ஊறவைத்தால் கரிக்கும், சதை ரப்பராகும். ஒன்றும் போடவில்லையா? அப்போதும் சின்ன ஓரம் ஒன்றைக் கிள்ளி, சும்மா தண்ணீரில் வேகவைத்து, ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பலரும் இந்த ஒரு இடத்தில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இனி வாழை இலை. இலையைத் தணலில் வாட்டி, வதக்கிய சின்ன வெங்காய மசாலாவை அடியில் கொஞ்சம், மீன் மேல் கொஞ்சம் பரப்பி மடித்துக் கட்டுங்கள். தோசைக்கல்லில் சிறு தீயில், மூடி போட்டு, ஒரு பக்கத்துக்கு எட்டு நிமிடம். கேரளத்தின் மீன் பொள்ளிச்சது இந்த வழிதான். வங்காளிகள் இதே கொடுவாவை பெட்கி என்பார்கள். கடுகும் பச்சை மிளகாயும் அரைத்துத் தடவி இலையில் கட்டினால் அவர்களுக்குப் பாத்தூரி. உங்கள் இட்லிப் பானையிலும் அதைச் செய்யலாம்.

மொறுமொறுப்பு வேண்டுமென்றால் தோல் பக்கம் கல்லில் படும்படி போட்டு, கரண்டியால் அழுத்தி, நடுத்தர தீயில் நான்கு நிமிடம் விடுங்கள். பிறகு புரட்டி, தீயைக் குறைத்து, மூடி வையுங்கள். வெந்ததா என்று பிய்த்துப் பார்க்காதீர்கள். மெல்லிய கம்பியை நடுவில் குத்தி, ஐந்து விநாடி வைத்து எடுத்து, கீழுதட்டில் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு போதாது, சுருக்கென்று சுட வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 63 டிகிரி செல்சியஸ்.

குழம்பு என்றால் கொதி அடங்கிய பிறகு போட்டுச் சட்டியை ஆட்டுங்கள், கரண்டி போடாதீர்கள்.

இதெல்லாம் நீங்கள் வாங்கியது கொடுவாவாக இருந்தால். "கொடுவா போன்லெஸ்" என்று தோல் உரித்து, வழுவழுவென்று, நடுவில் சிவப்புக் கோட்டோடு ஒன்றை விற்கிறார்கள். பெரும்பாலும் அது பாசா, கெளுத்தி வகையைச் சேர்ந்த செதில் இல்லாத மீன். ஒரு கல்யாணத்துக்கு இடைத்தரகர் ஒருவரை நம்பி நாற்பது கிலோ வாங்கி, பந்தி நேரத்தில் வாணலியில் அது குழைந்து கூழானதைப் பார்த்தவன் நான். பாசா சாப்பிடக் கூடாத மீன் இல்லை. பாசா விலைக்கு விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? கொடுவாவின் சதை வெந்ததும் பெரிய பெரிய இதழாகப் பிரியும், பாசா பிரியாது. ஆனால் வெந்த பிறகு தெரிந்து என்ன பயன்? தோலோடு கேளுங்கள். பெரிய செதில் இருந்த தடம் வரிவரியாகத் தெரியும்.

வளர்ப்புக் கொடுவா என்றால் முகம் சுளிக்க வேண்டாம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே இதைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. அத்தனை விஞ்ஞானம் வந்த ஊரில், கடைப்பலகையில் மீனின் பெயரையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் ஒழுங்காக எழுத வைக்க ஆளில்லை. பாக்கெட்டில் நிகர எடை என்று அச்சடித்திருப்பார்கள். ஐஸ் உருகிய பிறகு தராசில் வைத்துப் பாருங்கள், எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று புரியும்.

முடிந்தவரை முழு மீனாக வாங்கி, கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள். எடை போடுவது தலையோடு, பையில் விழுவது தலை இல்லாமல். கொடுவாத் தலைக் குழம்பின் அருமை அவர்களுக்கும் தெரியும். காசு கொடுப்பதற்கு முன் தலை எங்கே என்று கேளுங்கள்.