ஆலோசனைக்கு வருபவரின் கைபேசியை வேறு யார் எடுப்பார்கள்?

கேள்வி: நான் தனியாகப் பணிபுரியும் மனநல ஆலோசகர். ஆலோசனைக்கு வருகிறவர்களுடன் செய்தி பரிமாறிக்கொள்ள கடவுச்சொல் போட்டு நுழையும் இணையப் பக்கமான ஒரு போர்ட்டல் வைத்திருக்கிறேன். பாதிப் பேர் அதற்குள் நுழைவதே இல்லை, கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள், நள்ளிரவில் நீண்ட குரல் பதிவுகள் அனுப்புகிறார்கள். தன் கைபேசியைக் கணவர் எடுத்துப் பார்ப்பார் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். போர்ட்டலைத் தவிர வேறு பாதுகாப்பான வழிகள் உண்டா? – ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்திருக்கும் ஒரு வரிதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கணவர் கைபேசியை எடுத்துப் பார்ப்பார் என்ற வரி. பாதுகாப்பு என்றதும் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஹேக்கர்தான் நம் நினைவுக்கு வருகிறார். அந்த ஆபத்தும் உண்மையானதே. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்திலிருந்து பல்லாயிரம் பேரின் ஆலோசனைக் குறிப்புகள் திருடப்பட்டது 2020இல் வெளியே தெரிந்தது. சிகிச்சை பெற்றவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார்கள். ஆனால் உங்களிடம் வருகிற அந்தப் பெண்ணுக்கு ஆபத்து அடுத்த அறையிலேயே இருக்கிறது. எவ்வளவு உறுதியான செயலியாக இருந்தாலும், திறந்த கைபேசியைக் கையில் வைத்திருப்பவரிடமிருந்து அது எதையும் மறைக்காது.

ஆகவே எந்தச் செயலி என்று முடிவு செய்வதற்கு முன், முதல் சந்திப்பிலேயே ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: உங்கள் கைபேசியை வேறு யார் பயன்படுத்துகிறார்கள்? திறக்கும் எண் யாருக்குத் தெரியும்? மின்னஞ்சல் வேறு கணினியிலும் திறந்திருக்கிறதா? எந்த நேரத்தில் அழைத்தால் தனியாகப் பேச முடியும்? பதிலைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். எல்லோருக்கும் ஒரே வழி என்று வைத்துக்கொண்டால் சிலர் பாதுகாப்பற்றுப் போவார்கள்.

இனி வழிகளுக்கு வருகிறேன். வாட்ஸ்அப், சிக்னல் இரண்டிலும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இருக்கிறது. அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர, இடையில் உள்ள நிறுவனம்கூடச் செய்தியைப் படிக்க முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சிக்னலைத்தான் சொல்வேன். யார் யாரோடு பேசினார்கள் என்ற விவரத்தை அது சேர்த்துவைப்பதில்லை. செய்திகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் இரு கைபேசிகளிலிருந்தும் தானாக மறையும்படி வைக்கலாம். உங்கள் தொலைபேசி எண்ணைக் காட்டாமல் பயனர் பெயரை மட்டும் கொடுக்கலாம். வாட்ஸ்அப்தான் வேண்டும் என்பவர்களிடம் பேக்அப், அதாவது உரையாடல்களின் சேமிப்பு நகல் பற்றிப் பேசியே ஆக வேண்டும். இணையத்தில் உள்ள மேகக் (கிளவுட்) கணக்கில் சேமிக்கப்படும் பேக்அப்பைப் பூட்டும் வசதி 2021இல் வந்தது. அதை அவரவர்தான் இயக்க வேண்டும். இயக்காவிட்டால் உரையாடல் முழுவதும் அந்தப் பூட்டு இல்லாமல் அங்கே கிடக்கும். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக் கணினி ஒன்று அதில் இருந்தால், அதில் உட்காருகிற யாரும் எல்லாவற்றையும் படிக்கலாம்.

சாதாரணக் குறுஞ்செய்திக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. சந்திப்பு நேரத்தை உறுதிசெய்ய அது போதும், அதற்கு மேல் வேண்டாம். மின்னஞ்சலும் ஏறக்குறைய அப்படித்தான்; வழியில் என்கிரிப்ஷன் இருந்தாலும், போய்ச் சேர்ந்த பெட்டியில் திறந்தபடியே இருக்கும். பயிற்சித் தாள், அறிக்கை போன்றவற்றை மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டுமென்றால், கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டி அனுப்புங்கள். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் சொல்லுங்கள். கோப்பின் பெயரும் மின்னஞ்சலின் தலைப்பு வரியும் பூட்டுக்கு வெளியேதான் இருக்கும். ‘மனச்சோர்வு மதிப்பீடு’ என்று பெயர் வைத்துவிட்டால் கோப்பைப் பூட்டியும் பயன் குறைவு.

நேரடித் தொலைபேசி அழைப்பைப் பலர் மறந்தே விட்டார்கள். உள்ளடக்கம் எங்கும் எழுத்தாகத் தங்காது என்பதால், முக்கியமான எதையும் பேச நான் அதையே விரும்புகிறேன். அழைப்புப் பட்டியலில் உங்கள் எண் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எடுத்தவுடன் ‘இப்போது பேசலாமா?’ என்று கேளுங்கள். வேறு யாராவது எடுத்தால் உங்கள் தொழிலைச் சொல்லாதீர்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதை அவரோடு முன்பே பேசி வைத்திருங்கள்.

இப்போது அந்தப் பெண்ணின் கைபேசியை நினைத்துப் பாருங்கள். மேசையில் திரை மேலாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு செய்தி வருகிறது. பூட்டைத் திறக்காமலேயே இரண்டு வரிகள் தெரிகின்றன: ‘சென்ற முறை திருமணம் பற்றி நீங்கள் சொன்னதை யோசித்தேன்…’ மேலே ‘மனநல ஆலோசகர்’ என்று பெயர். என்கிரிப்ஷன் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, ஆனாலும் ரகசியம் போய்விட்டது. பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அமைப்பை மாற்ற, அவர் உங்கள் எதிரில் இருக்கும்போதே கூட இருந்து உதவுங்கள். உங்கள் எண்ணை எந்தப் பெயரில் சேமிப்பது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் அனுப்புவது ‘வியாழன் மாலை 5 மணி சரிதானே?’ என்ற அளவில் நிற்கட்டும். அதுகூட ஆபத்து என்று அவர் சொன்னால் எதுவுமே அனுப்பாதீர்கள். அடுத்த சந்திப்பின் நேரத்தை இந்தச் சந்திப்பின் முடிவிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

உங்கள் பக்கமும் கவனிக்க வேண்டியது உண்டு. வேலைக்கென்று தனி எண்ணும், முடிந்தால் தனிக் கைபேசியும் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்புப் பட்டியலைக் கேட்கும் சமூக ஊடகச் செயலிகளை அதில் ஏற்றாதீர்கள். அந்தப் பட்டியலைக் கொண்டு அவை உங்களிடம் வருகிறவர்களை ஒருவருக்கொருவர் ‘தெரிந்தவராக இருக்கலாம்’ என்று காட்டிவிட வாய்ப்புண்டு. மறையும் செய்திகளைப் பயன்படுத்தினால், சிகிச்சைக்குத் தேவையானதை அது மறைவதற்குள் குறிப்பேட்டில் பதிந்துவிடுங்கள். சட்டத்தையும் பாருங்கள். உதாரணமாக, அமெரிக்காவில் மருத்துவத் தகவல்களின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்துக்கு உட்பட்டவர்கள் இத்தகைய சேவை தரும் நிறுவனத்தோடு எழுத்து ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பும் சிக்னலும் அதைத் தருவதில்லை. அங்கே அந்த ஒப்பந்தம் தரும் மருத்துவச் செய்திச் சேவைகளையே தேட வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டமும் உங்கள் தொழில் அமைப்பின் விதிகளும் என்ன சொல்கின்றன என்று எதையும் தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

நள்ளிரவுக் குரல் பதிவுகள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் ஒருவர் பேசி அனுப்பியதை நீங்கள் காலையில்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உதவி கேட்டுவிட்டதாக நம்பிக் காத்திருந்திருப்பார். எந்த நேரத்தில் செய்திகளைப் பார்ப்பீர்கள், எவ்வளவு நேரத்தில் பதில் வரும், அவசரம் என்றால் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி, அவரோடு சேர்ந்து படித்து, இருவரும் கையெழுத்திடுங்கள். வேலை நேரம் முடிந்ததும் போகும் தானியங்கிப் பதிலில் அந்த அவசர எண் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்கு அந்தப் பதிலே ஆபத்தாகலாம் என்பதால், அவர்களை அதிலிருந்து விலக்கிவிட்டு, எண்ணை நேரில் சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். இந்த வாரம் அவர் வரும்போது அவரிடமிருந்தே தொடங்குங்கள்.