வாசகர் கேள்விகள்: கிட்டாரில் மேல்பலகைதான் பாடுகிறது

கேள்வி: என் மகள் லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் இசைக் கிரேடு தேர்வுக்காகக் கிளாசிக்கல் கிட்டார் படிக்கிறாள். திருச்சியில் ஒரு கடையில் இரண்டு கிட்டார் காட்டினார்கள். ஒன்று பின்பக்கம் ரோஸ்வுட் நிறத்தில் பளபளவென்று இருக்கிறது, விலை குறைவு. இன்னொன்று பார்க்கச் சாதாரணம்தான், ஆனால் 'சாலிட் டாப்' என்று சொல்லி ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறார்கள். உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, வெறும் வியாபாரப் பேச்சா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மையிலேயே உண்டு. 'சாலிட் டாப்' என்றால் மேல்பலகை பிளைவுட் இல்லை, முழு மரம் என்று அர்த்தம். முடிந்தால் இரண்டாவதையே வாங்குங்கள்.

தந்தியை மீட்டினால் தந்திதான் ஒலிக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் அவ்வளவு மெல்லிய தந்தியால் காற்றைப் பெரிதாக அசைக்க முடியாது. அது, தந்திகளைக் கட்டியிருக்கும் மரத்துண்டான பிரிட்ஜை ஆட்டுகிறது, பிரிட்ஜ் தான் ஒட்டியிருக்கும் மேல்பலகையை ஆட்டுகிறது, அந்தப் பலகை அசைந்துதான் நம் காதுக்கு நாதம் வருகிறது. அதோடு உள்ளே அடைபட்டிருக்கும் காற்றும் வட்டத் துளை வழியாக மூச்சு விடுகிற மாதிரி உள்ளேயும் வெளியேயும் போய் வந்து கீழ் சுரங்களுக்குக் கனம் சேர்க்கிறது. துளைக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் 'ஊ' என்று சுருதியை ஏற்றி இறக்கிப் பாடிப் பாருங்கள், ஏதோ ஓர் இடத்தில் பெட்டி முழுவதும் அதிரும். நல்ல அளவுள்ள கிளாசிக்கல் கிட்டாரில் இது 100 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். (உங்கள் வீட்டில் கனத்த ஆண் குரல் இருந்தால் அவரைப் பாடச் சொல்லுங்கள்.)

அந்த மேல்பலகையின் கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர்தான். அதன்மேல் ஆறு தந்திகளும் சேர்ந்து கிட்டத்தட்ட 40 கிலோ இழுவிசையோடு இருபத்துநாலு மணி நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. தடிமனாக வைத்தால் தாங்கும், ஆனால் நாதம் எழாது. மெலிதாக்கினால் நன்றாகப் பேசும், ஆனால் நாளடைவில் பிரிட்ஜுக்குப் பின்னால் வீங்கிக்கொண்டு வரும். கிட்டார் செய்கிறவரின் மொத்த வேலையும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். அதனால்தான் ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரத்தைத் தேடிப் போகிறார்கள். எடை குறைவு, ஆனால் ரேகை ஓடும் திசையில் நல்ல விறைப்பு. பிளைவுட்டில் ஒரு தாள் நெடுக்கே, அடுத்த தாள் குறுக்கே என்று பசை போட்டு ஒட்டுவதால் அந்த குணம் போய்விடுகிறது, தந்தி கொடுக்கும் சக்தியில் ஒரு பங்கைப் பலகையே விழுங்கிவிடுகிறது, ஒலி சட்டென்று அடங்கிவிடும். வெடிக்காது, விலை மலிவு என்பதெல்லாம் பிளைவுட்டின் நல்ல பக்கம். அதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போதைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவத்தை நிலைநிறுத்தியவர் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அன்டோனியோ டி டோரஸ் (1817–1892). மேல்பலகையின் அடியில் விசிறியாக விரியும் மெல்லிய பட்டைகளை ஒட்டிப் பலகையை மெலிதாக வைத்துக்கொண்டே பலம் கொடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர் அவர். நாதம் மேல்பலகையில்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் 1862-ல் பின்பக்கமும் பக்கவாட்டும் காகிதக் கூழ் அட்டையாலான ஒரு கிட்டாரையே செய்து காட்டினார். மேல்பலகை மட்டும் நல்ல மரம். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகின் பளபளப்புக்குக் காசு கொடுப்பதா என்று யோசிக்கும் எல்லாருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

கடையில் சரிபார்க்க ஒரு வழி: வட்டத் துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் ரேகைகள் விளிம்பின் கனத்துக்குள்ளும் அப்படியே இறங்கினால் ஒரே பலகை. அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

கேள்வி: அப்படியானால் ரோஸ்வுட்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு? அதே ஈட்டி மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவதுதானே?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஆமாம், அதே மரம்தான். முன்பு பெரிய கிட்டார்களுக்குப் பிரேசில் ரோஸ்வுட் போட்டார்கள். அந்த மரம் அருகிப்போய் 1992-ல் அதன் சர்வதேச வணிகத்துக்கே தடை வந்தது. அதற்கு முன்பிருந்தே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது நம் ஈட்டிதான், இன்று உலகமெங்கும் கச்சேரிக் கிட்டார்களின் முதுகில் அதிகம் பார்க்கக்கூடியது அது. கனமான, இறுக்கமான மரம், அதிர்வை வீணாக்காது. ஆனால் காதுக்கு எவ்வளவு வித்தியாசம்? 2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதுகு மரம் மட்டும் வேறுபட்ட 6 கிட்டார்களை, எது எது என்று தெரியாதபடி 52 பேரை வாசிக்க வைத்தார்கள். மதிப்பெண்களில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடே வரவில்லை. அவை ஸ்டீல் தந்திக் கிட்டார்கள், அதனால் அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் முதுகு மரத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு அது போதும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் வீணை வாசிப்பவர்கள் உண்டு. தஞ்சாவூர் வீணைக்குப் பலா, நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்கு ஆச்சா என்று நம் ஊரில் மரத்தைத் தேர்ந்தெடுக்கும் ஞானம் இவ்வளவு இருக்கும்போது, கிட்டாரையும் பலாவில் செய்ய முடியாதா?
— வாசகர், திருவையாறு

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் ஐயா. முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் பலா பொருந்தக்கூடிய மரம்தான். மேல்பலகைக்குத்தான் யோசிக்க வேண்டும். ஸ்ப்ரூஸை விடப் பலா நல்ல கனம். 2 மில்லிமீட்டருக்கு இழைத்தாலும் அந்த எடை போகாது, நைலான் தந்தியின் மென்மையான இழுப்பு அதை ஆட்டத் திணறும்.

வீணையில் ஏன் எடுபடுகிறது என்றால், அங்கே மொத்த அமைப்பே வேறு. உலோகத் தந்தி, குடைந்தெடுத்த குடம், அப்புறம் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தந்திகளைத் தாங்கும் குதிரை. வீணையின் குதிரைமேல் லேசான வளைவோடு ஓர் உலோகத் தகடு இருக்கிறது. தந்தி அதிரும்போது அந்தத் தகட்டை உரசி உரசிப் போவதால்தான் அந்த நீண்ட, கார்வையுள்ள நாதம். கிட்டாரில் தந்தி உட்காரும் சாடில் ஒரு மெல்லிய எலும்புத் துண்டு, தந்தி அதை ஒரே கோட்டில் தொட்டுவிட்டு நிற்கிறது, அதனால் ஒலி சுத்தமாகக் கிளம்பிச் சீக்கிரம் தேய்கிறது. வீணைத் தச்சர்கள் குடத்தைத் தட்டிக் கேட்டுப் பதம் பார்க்கிறார்கள், கிட்டார் செய்கிறவரும் மேல்பலகையை விரலால் தட்டிக் கேட்டுத்தான் எங்கே இன்னும் இழைக்கலாம் என்று முடிவு செய்கிறார். நம் தச்சர் ஒருவர் கையில் ஒரு நல்ல ஸ்ப்ரூஸ் பலகையைக் கொடுத்து, பலாவை முதுகுக்கு வைத்து ஒரு கிட்டார் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்கா பக்கம் போகும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும்.

கேள்வி: சத்தம் போதவில்லை. ஸ்டீல் தந்தி மாட்டலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: கூடாது. ஸ்டீல் செட் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். உங்கள் கிட்டாரின் பிரிட்ஜ் பசையால் மட்டும் ஒட்டப்பட்டது, கழுத்துக்குள் பெரும்பாலும் இரும்புக் கம்பியும் கிடையாது. பிரிட்ஜ் பிய்ந்து வரும், இல்லையேல் கழுத்து வளையும். பழைய நைலான் தந்தியை மாற்றிப் பாருங்கள், பாதிக் குறை அங்கேயே தீரும். இந்த நைலானே கிளாசிக்கல் கிட்டாருக்கு வந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான். அதுவரை குடல் நரம்புதான்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை வந்தால் என் கிட்டார் மந்தமாகிவிடுகிறது, தந்தியும் மேலே தூக்கிக்கொள்கிறது. கோடையில் சரியாகிவிடுகிறது. என்ன கோளாறு?
— வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கோளாறு இல்லை, மரம் ஈரம் குடிக்கிறது. மரம் நீளவாக்கில் அதிகம் விரியாது, அகலவாக்கில்தான் விரியும். மேல்பலகையின் ஓரங்கள் சுற்றிலும் ஒட்டப்பட்டிருப்பதால் விரிய இடமில்லாமல் நடுவில் மேலே புடைக்கிறது, பிரிட்ஜும் கூடவே உயர்கிறது, தந்தியும் உயர்கிறது. ஈரம் ஏறிய பலகைக்கு எடையும் கூடுதல், அதிர்வை அடக்குவதும் கூடுதல், அதனால்தான் மந்தம். கிட்டாருக்குச் சுகமான ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை நாட்களில் அது கனவுதான். எனவே சுவரில் மாட்டி வைக்காதீர்கள், கெட்டியான பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, வாசித்து முடித்ததும் மூடுங்கள். ஒரு சின்ன ஈரப்பதமானியும் உள்ளே போடுங்கள். உடனே தந்தி உயரம் கூடிவிட்டது என்று சாடிலைத் தேய்க்க மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பங்குனி வந்து பலகை இறங்கும்போது தந்தி, கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளில் தட்டி இரையும். உங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு ட்யூனிங் கீயின் பல்சக்கரங்களும் துருப்பிடிக்கும், அங்கே துளி மெஷின் எண்ணெய். மரத்தில் படக்கூடாது.

கேள்வி: மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸா, சிடாரா?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: சிடாரும் ஓர் ஊசியிலை மரம்தான். அது வாங்கிய நாளிலேயே கனிவாகப் பேசும், மெதுவாகத் தொட்டாலும் பதில் சொல்லும். 1960-களில் மாட்ரிட்டில் கிட்டார் செய்த மூன்றாம் ஹோசே ராமிரெஸ்தான் அதைப் பெரிய அளவில் கொண்டுவந்தார். ஸ்ப்ரூஸில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெளிந்து கேட்கும், அழுத்தி வாசித்தாலும் கலங்காது, ஆனால் முழுதாகத் திறக்கச் சில வருடம் எடுக்கும் என்பது வாசிக்கிறவர்கள் பலரின் அனுபவம். நான் ஸ்ப்ரூஸ் பக்கம். நீங்கள் இரண்டிலும் ஒரே பாடத்தை ஒரே அறையில் வாசித்துவிட்டு, அப்புறம் நண்பரை வாசிக்கச் சொல்லி எதிரே உட்கார்ந்து கேளுங்கள். மடியில் கேட்பது வேறு, எதிரே கேட்பது வேறு.

கேள்வி: அப்பாவின் பழைய கிட்டார் மங்கிவிட்டது. எங்கள் தச்சர் வார்னிஷ் அடித்துப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, திருவாரூர்

பதில்: வேண்டாம் அம்மா. மேல்பலகைமேல் ஏறும் ஒவ்வொரு தடித்த பூச்சும் அதற்குப் போர்த்திய போர்வைதான். நல்ல கிட்டார்களுக்கு அரக்கைக் கரைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்துக் காகிதத்தைவிட மெலிதாக ஏற்றுவார்கள், கதவுக்கும் கட்டிலுக்கும் நம்மவர்கள் செய்கிற அதே பிரெஞ்ச் பாலிஷ்தான், ஆனால் பன்மடங்கு மெலிது. அப்பாவின் கிட்டாரை லேசாக ஈரமான பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு புதுத் தந்தி மாட்டுங்கள். உள்ளே ஏதாவது பட்டை பசை விட்டிருந்தால் தட்டும்போது கரகரவென்று கேட்கும், அப்படிக் கேட்டால் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.