வாசகர் கேள்வி – பதில்: சைக்கிள் பக்கம்

கேள்வி: பிரான்ஸில் கார், லாரி தொந்தரவு இல்லாமல் ரோடு சைக்கிளில் நான்கு நாள் ஓட்ட நல்ல பாதை எது? கால்வாய்க் கரைக்கு மெல்லிய டயர் தாங்குமா?

பதில்: துலூஸிலிருந்து வடமேற்கே செல்லும் கரோன் கால்வாய்க் கரையைப் பிடியுங்கள். காஸ்தெத்ஸ்-ஆன்-தோர்த் வரை சுமார் 190 கி.மீ. பெரும்பாலும் தார்தான், ஏற்றம் என்று சொல்ல மதகுகளை ஒட்டிய சிறு மேடுகள் மட்டுமே. 28 மி.மீ. டயர் போதும். மொவாசாக், அஜான் இரண்டும் இரவு தங்கத் தோதான ஊர்கள். அஜானில் கால்வாயே கல்பாலம் ஏறி ஆற்றைக் கடக்கிறது. படகும் நீங்களும் பக்கத்தில் பக்கத்தில் போகலாம்.

பலர் பெயருக்கு மயங்கி, துலூஸிலிருந்து எதிர்த்திசையில் செல்லும் புகழ்பெற்ற ‘மிடி’ (Canal du Midi) கால்வாய்க்குத் திரும்புகிறார்கள். முதல் 50 கி.மீ. தார், பிரச்சினை இல்லை. பிறகு மண், சரளை. பிளேன் மர வேர்கள் புடைத்து நிற்கும். காற்று குறைந்த மெல்லிய டயர் வேரில் மோதினால் ட்யூப் ரிம்மில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். அங்கே 38 மி.மீ.க்குக் குறையாதீர்கள். மழை பெய்திருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

கேள்வி: வழியில் தண்ணீர், சாப்பாடு?

பதில்: கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ என்று பலகை இருந்தால் குடிக்காதீர்கள். சின்ன ஊர்களில் ஞாயிறு மதியத்துக்குப் பிறகும் திங்களும் பல கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமையே ரொட்டியும் சீஸும் வாங்கி வையுங்கள்.